எதிரில் யாரும் வராத பாதை

எங்க அப்பாவுக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாய்தான் அவர வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய் விட்டுச்சுனு எங்க ஊரு அடி அண்ணாமலையில பாதிப் பேர் சொல்லுவாங்க. அப்படிச் சொல்றவங்களக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். வாய் நீளமா இருக்கறவங்க எல்லாம் கொலகாரங்கன்னா எங்க ஊர்ல வெளிய நடமாட ஆளே இருக்காது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அப்பாகிட்டருந்து எனக்கு வந்த ஒரே சொத்து அதுதான்.

அவரு கிரிவலப் பாதையில கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருந்தாரு. பக்கத்துல ஒருத்தர் இளநிக் கடை. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு புங்க மரம். அதோட நிழல் யாருக்குங்கறதுதான் அவங்க சண்டையே. காலையில நிழல் எங்க வண்டி மேல விழும். மத்தியானத்துக்கு மேல அவரு கடைப் பக்கம் போயிடும். நிழல் நகர நகர எங்க அப்பா வண்டிய நகத்துவாரு, இளநிக் கடைக்காரர் கத்துவாரு. பார்க்கறவங்களுக்கு இலவசமா ஒரு வேடிக்க.

ஒரு பவுர்ணமி அன்னிக்கு அது முத்திப்போச்சு. அத்தன கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, உன்ன ஒழிச்சாத்தான்டா எனக்கு நிம்மதினு அப்பா கத்தியிருக்காரு. கத்திட்டு, வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்துல வண்டிய மூடிட்டு வீட்டுக்கு வந்து, சோறு வேணாம்னுட்டுப் போத்திக்கிட்டுப் படுத்துட்டாரு. கோவம் வந்தா அவரு பண்றது எப்பவும் அதுதான். சின்னப் புள்ள மாதிரி போத்திக்கிட்டுப் படுத்துக்குவாரு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இளநிக் கடைக்காரர் கடைக்குப் பின்னாடி இருக்கற சந்துல தல உடைஞ்சு செத்துக் கெடந்தாரு.

அப்பா வீட்டுலதான் படுத்திருந்தாருனு அம்மா கோர்ட்ல சொன்னாங்க. பொண்டாட்டி வேற என்ன சொல்லுவானு விட்டுட்டாங்க. நான் அப்ப வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில வேல பார்த்துட்டிருந்தேன். அன்னிக்குப் பார்த்து லீவு போடாம வேலைக்குப் போனத நினைச்சு எத்தன நாள் தலையில அடிச்சுக்கிட்டேனோ. வீட்டுல இருந்திருந்தா மட்டும் என் பேச்ச எவன் நம்பியிருப்பான், அது வேற.

அப்பாவுக்கு எதிரா சாட்சி சொன்னது மாமா. மாமான்னா அம்மா கூடப் பொறந்தவர் இல்ல. அப்பாவோட சின்ன வயசு சிநேகிதர், எங்க தெருவுல கடைசி வீடு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. பவுர்ணமி தவறாம மலை சுத்துற மனுஷன், அன்னிக்கும் சுத்திட்டிருந்தாரு. பொய் சொல்லவே தெரியாதுனு ஊர்ல பேரு. எங்க அப்பா அந்தச் சந்துலருந்து வெளிய வந்து கூட்டத்தோட கலந்து வேகமாப் போனத என் கண்ணால பார்த்தேன், முகத்தப் பார்த்தேன்னு கூண்டுல ஏறிச் சொன்னாரு. சொல்லிட்டு அங்கயே அழுதாரு. அந்த அழுகைதான் எங்களக் கவுத்துச்சு. உயிர் சிநேகிதனே அழுதுக்கிட்டே சொல்றான்னா உண்மையாத்தான இருக்கும்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அப்பாவுக்கு ஆயுள் தண்டன குடுத்துட்டாங்க.

இதுல என் கதையும் ஒண்ணு இருக்கு. மாமாவோட பையனத்தான் நான் விரும்பிட்டிருந்தேன். நல்லவேள, சின்ன வயசுலருந்து அவங்க அப்பாவ மாமானே கூப்பிட்டுப் பழகிட்டேன். பெரியப்பானு கூப்பிட்டிருந்தா அவன் எனக்கு அண்ணன் முறையாயிருப்பான், நாசமாப் போயிருக்கும்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கோம். அவன் வேங்கிக்கால்ல புதுசா கட்டுற வீடுங்களுக்கு வயரிங் பண்றவன். என்னைப் பார்க்கறதுக்காகவே கடைக்கு வந்து ஆதார் கார்ட நீட்டி ஒரு ஜெராக்ஸ் போடச் சொல்லுவான். இந்த ஜில்லாவுலயே ஆதார் ஜெராக்ஸ் ஜாஸ்தியா வச்சிருக்கற ஆளு நீதான்டானு திட்டுவேன்.

தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்த நின்னுபோச்சு. அவன் மட்டும் கடைக்கு வர்றத நிறுத்தல. ஆதார் கார்ட எடுக்க மாட்டான். சும்மா வந்து பின்னங்கழுத்தத் தடவிக்கிட்டு நிப்பான். ஒரு நாள், நீ உங்க அப்பன நம்புறியா, எங்க அப்பன நம்புறியானு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டாங்க, அதான் எனக்குத் தூக்கம் வரலன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டேப்ளர எடுத்து அவன் மேல வீசியிருப்பேன். ஆனா அன்னிக்கு அத விட உண்மையா யாரும் என்கிட்ட பேசல.

ஜெயிலுக்குப் பார்க்கப் போறப்ப எல்லாம் அப்பா முதல்ல மாமாவத்தான் விசாரிப்பாரு. முட்டி வலி எப்படி இருக்கு, மலை சுத்துறானானு கேப்பாரு. உங்கள உள்ள தள்ளுன ஆள ஏன் கேக்கறீங்கனு நான் எரிஞ்சு விழுவேன். அப்பாவுக்கு இருந்த வாய் அங்க போய் ரொம்ப கம்மியாயிடுச்சு. ஒரு தடவ ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு மெதுவா சொன்னாரு.

"அவன் பொய் சொல்ற ஆள் இல்லம்மா. பார்த்தேன்னு சொல்றான்னா பார்த்துதான் இருப்பான். ஒருவேள நான்தான் எழுந்து போயி, எனக்கே ஞாபகம் இல்லாம போச்சோ என்னமோ."

அதுவரைக்கும் அவர வெளிய கொண்டு வரணும்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் புரிஞ்சுது, சீக்கிரம் ஏதாவது செய்யலன்னா இந்த மனுஷன் தானே கொலகாரன்னு நம்பிட்டுச் செத்துப்போயிடுவாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல திருவண்ணாமலை வர்ற வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா யாரு செத்துட்டாங்கனு கேட்டாங்க. யாரும் சாகலன்னு சொன்னேன்.

அப்பாவுக்காக நானும் பவுர்ணமிக்குப் பவுர்ணமி மலை சுத்த ஆரம்பிச்சேன். வேண்டுதல்னு சொல்லிக்கிட்டேன், ஆனா நடக்கும்போது சாமிய வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டேதான் போவேன். அப்படி ஒரு பவுர்ணமி காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, எனக்கு முன்னாடி அப்பா போறாரு. வலது தோள் அதே மாதிரி எறங்கியிருக்கு. கரும்பு மெஷின் சக்கரத்தக் கையால சுத்துற காலத்துலருந்து எறங்குன தோள் அது. தலையில துண்டக் கட்டியிருக்கற விதமும் அதேதான். எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு. அப்பானு கூப்பிட்டுக்கிட்டே கூட்டத்த இடிச்சுக்கிட்டு ஓடுனேன். அந்த ஆள் திரும்பினாரு. யாரோ ஒரு வெளியூர்க்காரர், என்னம்மானு அன்பாத்தான் கேட்டாரு. ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லிட்டு ஓரமாப் போய் நின்னேன்.

அங்க நின்னு பார்க்கறப்பதான் அது என் கண்ணுல பட்டுச்சு. பொறந்ததுலருந்து பார்க்கறது, ஆனா அன்னிக்குத்தான் பட்டுச்சு. மலைய வலது கை பக்கமா வச்சுக்கிட்டு எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போறாங்க. பவுர்ணமியில எதிர்ல யாரும் வர மாட்டாங்க, வரக் கூடாது. அத்தன ஜனம் போற ரோட்டுல நடக்கறவன் கண்ணுக்குத் தெரியறது எல்லாம் முதுகுதான். அப்ப மாமா எப்படி முகத்தப் பார்த்தாரு?

அப்படியே அந்தச் சந்து இருக்கற இடத்துக்குப் போனேன். பவுர்ணமி கடைங்க போடறப்ப சந்து வாயில தார்ப்பாய் கட்டியிருப்பாங்க. உள்ளருந்து வர்றவன் தார்ப்பாயத் தாண்டி ரோட்டுல கால் வச்சதுக்கு அப்புறம்தான் கண்ணுல படுவான். அதுக்குள்ள கூட்டத்தோட திரும்பியிருப்பான். கோர்ட்ல எவ்வளவு தூரம்னு கேட்டாங்க, வெளிச்சம் இருந்துச்சானு கேட்டாங்க, கண்ணாடி போடுவீங்களானு கேட்டாங்க. எந்தப் பக்கம் பார்த்து நடந்தீங்கனு ஒருத்தரும் கேக்கல. எங்க வக்கீலும் இந்த ஊர்க்காரர்தான். மூச்சு விடற மாதிரி பழகிப்போன விஷயத்த யாரு கேப்பாங்க?

அப்பீலுக்கு நாங்க புதுசா வச்ச வக்கீலம்மா நான் சொன்னதக் கேட்டுட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம், இது நல்ல பாயிண்ட்டுதான், ஆனா உங்க அப்பா திரும்பினப்ப பார்த்தேன்னு சாட்சி சொல்லிட்டா முடிஞ்சுபோச்சுன்னாங்க. அந்த ஆளே மனசு வந்து முகத்தப் பார்க்கலன்னு சொன்னாத்தான் உண்டு. சொன்னா, அப்ப கோர்ட்ல பொய் சொன்னியானு அவர் மேலயே கேஸ் வரலாம், அதையும் தெரிஞ்சுக்கன்னு எச்சரிச்சாங்க.

நேரா மாமா வீட்டுக்குத்தான் போனேன். அத்த என்னைப் பார்த்ததும் உள்ள போயிட்டாங்க. நான் மாமாகிட்ட முதுகத்தான பார்த்தீங்க, சத்தியமாச் சொல்லுங்கனு கேட்டேன். அவருக்குக் கோவம் வரல, அதுதான் கஷ்டம். உங்க அப்பன் முகம் எனக்குத் தெரியாதாம்மா, இன்னிக்கும் கண்ண மூடுனா அந்த முகம் வந்து நிக்குது, எனக்கு மட்டும் சந்தோஷமானு கேட்டாரு. அவரு பொய் சொல்லல. முதுகப் பார்த்தவருக்கு அந்த முகத்த மனசே வரஞ்சு குடுத்துடுச்சு. அத எப்படி அழிக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல.

வழி சொன்னது மாமாவோட பையன்தான். மறுநாள் கடைக்கு வந்து, உங்க அப்பா சட்ட ஒண்ணு குடுன்னான். எதுக்குன்னேன். அடுத்த பவுர்ணமிக்கு எங்க அப்பாவுக்கு முன்னாடி நான் நடக்கறேன்னான். எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் வேணாம்னுதான் சொன்னேன், அது உங்க அப்பான்னும் சொன்னேன். அவன், அவரு பண்ணது தப்புன்னு அவருக்கே தெரியணும்ல, நாம சொன்னா நம்ப மாட்டாருன்னான். எவ்வளவு பெரிய விஷயம் அது. பெத்த அப்பன சோதிக்கறதுக்கு எனக்காக ஒருத்தன் வந்து நிக்கறான். அந்த நிமிஷம் அவன் மேல வச்ச ஆசைய அதுக்கப்புறம் நான் யார் மேலயும் வச்சதில்ல.

கடைக்குப் பின்னாடி பேப்பர் கட்டு அடுக்கி வச்சிருக்கற ரூம்ல அவனுக்கு நடக்கக் கத்துக்குடுத்தேன். அப்பாவோட நீலக் கட்டம் போட்ட சட்ட, மடிச்சுக் கட்டுன வேட்டி, தலையில துண்டு. வலது தோள எறக்கு, இன்னும் எறக்கு, இடது கால வேகமா வைக்காதனு சொல்லிக்கிட்டே இருந்தேன். முதல்ல ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துச்சு. நீ நடக்கறது எங்க அப்பா மாதிரி இல்ல, கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்குன்னேன். கூடிய சீக்கிரம் அதையும் நடந்து காட்டறேன்னான். அப்புறம் ஒரு தடவ சுவர் வரைக்கும் போனான் பாருங்க, அப்பாவே போற மாதிரி இருந்துச்சு. நான் முகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். அவன் திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்தான்.

அந்தப் பவுர்ணமி காலையில மாமா எப்பவும் போலத் தனியாக் கெளம்பினாரு. நான் முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு அவருக்குக் கொஞ்சம் பின்னாடி நடந்தேன். அவன் எங்கயோ ஒரு சந்துல நின்னுட்டிருந்து, அவரு வர்றதப் பார்த்து முன்னாடி கலந்துட்டான். கொஞ்ச தூரம் மாமா கவனிக்கல. அப்புறம் அவரு நடையில ஒரு தடுமாற்றம். தலைய நீட்டிப் பார்த்தாரு. முட்டி வலிக்காரர் வேகமா நடக்க ஆரம்பிச்சாரு, ஆளுங்களத் தள்ளிக்கிட்டு. அவரு கோவமாப் போறாரு, பயந்து போறாருன்னு நினைச்சேன். இல்ல. கைய நீட்டிக்கிட்டு, அவ்வளவு சந்தோஷமாக் கூப்பிட்டாரு.

"மச்சான்! எப்ப வுட்டாங்க மச்சான்?"

அவன் திரும்பினான். திரும்பாம போயிடுவானோனு ஒரு நொடி நினைச்சேன், ஆனா திரும்பிட்டான். மாமா தன் பையன் முகத்தப் பார்த்தாரு. சட்டையப் பார்த்தாரு. அப்புறம் கூட்டத்துல தேடி என்னையும் பார்த்தாரு. நீட்டுன கை அப்படியே கீழ வந்துச்சு. ரோட்டோரமா மண்ணுல உக்காந்துட்டாரு. போறவங்க எல்லாம் அவர ஒதுங்கிப் போனாங்க, ஒருத்தர் தண்ணி பாட்டில் குடுத்தாரு. அவரு வாங்கல. என்னைப் பார்க்காம சொன்னாரு.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா பார்த்தேன்."

ரோட்டோரத்துல ஒத்துக்கிட்டதுலருந்து அவரு அப்புறம் பின்வாங்கல. வக்கீலம்மா மனு போட்டாங்க, மறுபடி விசாரிக்கக் கூப்பிட்டாங்க, மெட்ராஸ் ஐகோர்ட்டுல போய் நின்னாரு. நீ அப்ப பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்றியானு அந்தப் பக்கத்து வக்கீல் வறுத்து எடுத்துட்டாரு. அப்ப பொய்னு தெரியாம சொன்னேங்க, என் புள்ளையவே எனக்கு அடையாளம் தெரியலீங்கனு கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்த இடத்துல நிக்க முடியாம நான் வெளிய வந்துட்டேன். ஜெயில்ல அப்பாகிட்ட விஷயத்தச் சொன்னப்ப, அவரு விடுதலையப் பத்திக் கேக்கல. அப்ப நான் போகலயானு கேட்டாரு. நீங்க போகலப்பா, வீட்டுலதான் படுத்திருந்தீங்கன்னு சொன்னேன். கம்பியில நெத்திய வச்சுக்கிட்டு அவ்வளவு அழுதாரு.

அந்தச் சாட்சி நிக்காதுனு கோர்ட்டு விடுதல பண்ணுச்சு, அப்பா வெளிய வந்துட்டாரு. இளநிக் கடைக்காரரோட வீட்டம்மா என்னை பஸ் ஸ்டாண்டுல பார்த்து, அப்ப எங்க வீட்டுக்காரர யாருதான் கொன்னதுனு கேட்டாங்க. எனக்கு இன்னிக்கும் பதில் தெரியாது. அந்தம்மா கேட்டது நியாயம்தான்.

மாமா மேல கேஸ் எதுவும் வரல. ஆனா ஊர் சும்மா விடுமா? பொய்சாட்சினு பேரு வச்சிருச்சு. அதுக்கு முன்னாடி எங்க அப்பாவக் கொலகாரன்னு சொன்ன அதே வாய்ங்கதான். மாமா மலை சுத்தறத விட்டுட்டாரு. வாசப்படி தாண்டறதில்ல. அப்பா அவரப் பார்க்கப் போனப்ப நானும் கூடப் போனேன். மாமா கட்டில்ல சுவத்தப் பார்த்துப் படுத்திருந்தாரு. மச்சான்னு அப்பா கூப்பிட்டாரு. அவரு திரும்பல. பழைய அப்பாவா இருந்தா கண்டபடி திட்டி எழுப்பி உக்கார வச்சிருப்பாரு. இந்த அப்பா கட்டில் ஓரமா உக்காந்து அவரு முட்டியத் தடவிக் குடுத்துட்டு வந்துட்டாரு. மழைக்காலம் முடியறதுக்குள்ள மாமா போய்ச் சேந்துட்டாரு.

எழவு வீட்டுல அத்த என்னைக் கட்டிக்கிட்டு அழல. உனக்கு வேற வழியே தெரியலயாம்மா, எம்புள்ளைக்கே வேஷம் கட்டி விட்டுட்டியேனு மட்டும் கேட்டாங்க. காரியம் எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் அவன் கடைக்கு வந்தான். அந்த நீலச் சட்டையத் துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு எடுத்துட்டு வந்து ஜெராக்ஸ் மெஷின் மேல வச்சான். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கோவமானு கேட்டேன். இல்லன்னான்.

"உன் முகத்தப் பார்த்தா எங்க அப்பா கூப்பிட்டதுதான் காதுல கேக்குது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

நான் என்னத்தச் சொல்றது? அவ்வளவு வாய் இருக்கறவ, அன்னிக்கு ஒரு வார்த்த வரல. நான் பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன். என் அப்பனுக்காக மறுபடியும் அதேதான் பண்ணுவேன். ஆனா மெஷின் மேல இருந்த அந்தச் சட்டைய எடுக்க எனக்குக் கை வரவே இல்ல, கடைசியில ஓனர்தான் எடுத்துப் பையில போட்டுக் குடுத்தாரு.

இப்ப அப்பாவும் நானும் சேந்துதான் மலை சுத்தறோம். நீலச் சட்டையத்தான் போட்டுக்குவாரு, அது எங்க போயிட்டு வந்துச்சுனு அவருக்குத் தெரியாது. போன பவுர்ணமிக்கு அடி அண்ணாமலைக் கிட்ட வர்றப்ப, கூட்டத்துல முன்னாடி ஒரு முதுகப் பார்த்தேன். மெலிஞ்சிருந்துச்சு. வலது கையால பின்னங்கழுத்தத் தடவிக்கிட்டே நடக்கற அந்தப் பழக்கம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. என் கால் தானா வேகமாச்சு, அப்புறம் தானா கொறஞ்சுது. அப்பா கவனிச்சிட்டாரு. யாரும்மா அது, மாமா பையனா, கூப்பிடேன்னாரு.

"முதுகுதானப்பா தெரியுது"ன்னேன்.

ரெண்டு பேரும் அந்த முதுகுக்குப் பின்னாடியே நடந்தோம்.